இரண்டு கரையும் முடிந்ததா, ஜெனி?

ஒரேயொரு மின்விசிறிக்காக என்னோடு தினமும் சண்டை பிடித்த என் அன்பு ஜெனிக்கு,

உன் ஆண்டு நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரச்சொல்லி உங்கள் கோயில் பங்கிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, முற்றத்தில் ஓடித்திரிந்தாள். உண்மை என்னவென்றால், அந்தக் கிழமை முழுக்க நான் உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒருத்தியைப் புகழ்ந்து எழுத எனக்கு வராது. மலர் அச்சாகி, பூசையும் முடிந்து, எல்லோரும் உன்னைப் பற்றி எழுதி ஓய்ந்த பிறகு இப்போதுதான் எழுதுகிறேன். பிந்திவிட்டது, என்னடி செய்ய?

நீ சிரிப்பாய். "உனக்குச் சந்தேகம் இல்லாத ஒரு சாமான் சொல்லடி பாப்பம்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பாய். பிள்ளை பிறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. பால்மாப் பெட்டியில் உள்ள திகதியைக் கடைக்காரன் அழித்துத் திரும்ப அடித்திருப்பானோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஏமி அழுதால் ஏன் அழுகிறாள் என்று பயம், அழாமல் கிடந்தால் அதைவிடப் பயம். மாமி சொல்கிறா, என்னிடம் வருகிற காய்ச்சல்கூட விசாரணைக்குப் பயந்து திரும்பிப் போய்விடுமாம். நீ கையில் ஏந்தி நிற்க ஞானஸ்நானம் பெற்ற அந்தச் சின்ன உருண்டை இப்போது வாசல் படலையைத் தானே தள்ளித் திறக்கிறாள். எங்கள் மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பெட்டை ஞானத்தாயா என்று முகம் சுளித்த என் சித்தி, இப்போது உன் படத்தைக் காட்டித்தான் அவளுக்குச் சோறு தீத்துகிறா.

கந்தோரில் நீ கணினி நிரல் எழுதுகிறவள், நான் அதைச் சோதிக்கிறவள். நீ கட்டினால் நான் உதைத்துப் பார்ப்பேன். ஆனால் மயிலிட்டி மீனவர் சங்கத்துக்காக நீ எழுதிய அந்த ஒன்றை மட்டும் நான் உதைக்கவில்லை. நான் பிள்ளைப்பேற்று விடுமுறையில் சுன்னாகத்தில் வீட்டோடு கிடந்த மாதங்களில் நீயே எழுதி, நீயே சோதித்து, நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உன் வேலையை நான்தான் சொல்லவேண்டும். மயிலிட்டியில் படகுகள் இரண்டு இடத்தில் கரை சேரும். ஒன்று துறைமுகம். மற்றது மேற்கே தள்ளி, சின்னப் படகுகளை இழுத்து ஏற்றுகிற மணல் கரை. இரண்டிலும் சங்கம் ஒவ்வொருவரை வைத்திருக்கிறது. பின்னேரம் எந்தப் படகு போனது, காலையில் எது திரும்பியது என்று அவர் போனில் பதிவார். நேரம் கடந்தும் ஒரு படகு வராவிட்டால் "வரவில்லை" என்று ஒரு துண்டு போடுவார். அந்தத் துண்டுகள் கணினிக்குள் ஒரு வரிசையில் வந்து நிற்கும். வரிசையின் மறுமுனையில் நிற்கிற இரண்டு பேர் ஒவ்வொன்றாக எடுத்து, படகுக்காரரின் வீட்டுக்கும் சங்கத்துக்கும் செய்தி அனுப்புவார்கள்.

பேர் என்றேனே தவிர, எடுக்கிற அந்த இரண்டும் மனிதர் இல்லை. ஜாவா என்ற கணினி மொழியில் நாங்கள் திரெட் என்று சொல்கிற, ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இரண்டு வேலை. போடுகிறவர் ஒரு பக்கம், எடுக்கிறவர் மறுபக்கம், நடுவில் வரிசை. ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். காணத் தேவையில்லை என்பதுதான் அதன் வசதி. அதுதான் அதன் ஆபத்தும்.

காலையில் எல்லாம் ஓய்ந்ததும் பதிகிறவரின் போனிலிருந்து "முடிந்தது" என்று ஒரு துண்டு வரிசைக்கு வரும். அதைக் கண்டதும் எடுக்கிறவர்கள் இருவரும் வேலையை நிறுத்திவிடுவார்கள். சங்கத்தின் சின்னக் கணினி வீணாக ஓடக்கூடாது என்று நீ அப்படி வைத்தாய். மறுபடி பின்னேரம்தான், அன்றைக்கென்று ஒரு புது வரிசையோடு, எழும்புவார்கள்.

நீ இதை ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உன் அப்பாவின் படகு இயந்திரம் நின்று கடலில் கிடந்ததும், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உன் அம்மா இரண்டு கரைக்கும் மாறி மாறி நடந்ததும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இனி ஒரு அம்மாவும் அப்படி நடக்கக்கூடாது என்றாய். பிறகு உனக்கு ஒரு காய்ச்சல். ஆசுப்பத்திரிக்குப் போனாய், வரவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன், ஜெனி. மனதைத் திடப்படுத்திக்கொள்.

தெற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று எழும்பின நேரம் ஒரு காலை உன் தம்பி ஜூட்டின் படகு வரவில்லை.

துறைமுகத்தில் பதிகிற அல்பிரட் அண்ணை நேரம் பார்த்து "வரவில்லை" என்று போட்டிருக்கிறார். அவருடைய போனில் பச்சைச் சரி விழுந்திருக்கிறது. செய்தி வீட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்து அவர் போய்ப் படுத்துவிட்டார். வீட்டிலோ உன் அம்மா போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறா. செய்தி இல்லை. அப்படியென்றால் பிள்ளை மேற்குக் கரையில் ஏறிவிட்டான், மீனை விற்றுவிட்டு வருவான் என்று சோறு வடித்து மூடி வைத்தா. நீ எழுதிக் கொடுத்த சாமான் பேசாமல் இருந்தால் பிள்ளை சுகமாக இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

அன்று பகல் முழுக்க, இயந்திரம் நின்ற படகு வடக்கே இழுபட்டிருக்கிறது; பொழுது பட்ட பிறகுதான் வீட்டில் தேடத் தொடங்கினார்கள். மறுநாள் வேற்றூர்ப் படகொன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. மீனுக்குக் கொண்டுபோன ஐஸ் உருகின தண்ணீரைக் குடித்து ஜூட்டும் கூடப் போனவனும் உயிரோடு இருந்தார்கள். நீ பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறான். உதடுதான் வெடித்து, சிரிக்க முடியாமல் கொஞ்ச நாள் திரிந்தான்.

கந்தோரில் அடுத்த நாளே கூட்டம். எங்கள் பொறுப்பாளரை உனக்குத் தெரியும், குரலை உயர்த்தவே மாட்டார். அது பழைய வேலை, ஜெனி எழுதினது, அவளை இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. மறுமொழி சொல்ல ஏலாத ஆளின் தலையில் ஒரு மனிதன் இவ்வளவு சுகமாகப் பாரத்தை இறக்கினால், அந்தப் பாரம் யாருடையது?

முதலில் கீர்த்தனனைப் பிடித்தேன். உன் கதிரையில் இப்போது இருக்கிற அளவெட்டிப் பொடியன். தவில்காரக் குடும்பம். ஆள் வாய் திறக்கமாட்டான், விரல்தான் மேசையில் பேசும். உன் வேலையில் அவன் கைவைத்துவிட்டான் என்று நினைத்து, அவன் மாற்றியது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தோண்டினேன். ஒரு பொத்தானின் நிறம், ஒரு சொல்லில் விடுபட்ட ஒற்று. வேறு ஒன்றும் இல்லை. நான் நிமிர்ந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைத்தானே தேடினீங்கள், அக்கா?"

"ஓம்."

"பரவாயில்லை. நானும் முந்தநாள் உங்களைத்தான் தேடினனான். உதை ஆர் சோதிச்சது எண்டு பாக்க."

அன்றைக்குத்தான் அவனில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அடுத்தது அல்பிரட் அண்ணை. அவர் பதியவே இல்லை, பயத்தில் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். கணினியில் அன்றைய வரிசையைத் திறந்து பார்த்தால் அவர் போட்ட துண்டு அங்கே கிடந்தது. வந்திருக்கிறது, வரிசையில் நின்றிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. எடுக்கிறவர்கள் இருவரும் அதற்கு முன்னமே வேலையை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏன்?

இதற்கிடையில் ஜூட் எனக்குப் போன் எடுத்துச் சொன்னான். உன் அப்பா சங்கத்துக்குப் போய், இனித் தங்கள் படகு பதியாது என்று சொல்லிவிட்டாராம். கேட்ட ஆட்களிடம், "என்ரை பிள்ளை எழுதினதிலை பிழை வராது. கந்தோர்க்காரர் கைவைச்சுக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றாராம். அவர் சொன்னால் அந்தக் கரையில் பாதிப்பேர் கேட்பார்கள். அடுத்த அடுத்த நாட்களில் படகுகள் பதியாமலே போகத் தொடங்கின. சோளகம் அடிக்கிற காலத்தில், யார் போனார் யார் வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாமல். உன் அம்மா பழையபடி இரண்டு கரைக்கும் நடக்கப்போகிறா, ஜெனி. எனக்கு அது ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது.

நீ எழுதி வைத்த சோதனையை ஓட்டினேன்; சரி என்றால் பச்சை விழும், பிழை என்றால் சிவப்பு. பச்சை. மறுபடி ஓட்டினேன். பச்சை. வீட்டில் பிள்ளை பகலில் கண் அயர்கிற நேரமெல்லாம் மடிக்கணினியைத் திறந்து ஓட்டவிட்டுப் பார்த்தேன். எத்தனையோ தரம் பச்சைதான். உன்னோடு வேலை செய்த காலத்தில் பச்சையைக் கண்டால் நீ கை தட்டுவாய். நான் அப்போதே சொல்வேன், இந்தத் திரெட் சமாசாரத்தில் பச்சை என்பது இந்தமுறை தப்பிவிட்டோம் என்பதுதான் என்று. இரண்டு வேலை ஒன்றாக ஓடும்போது எது எதை முந்தும் என்று ஒருவராலும் சொல்ல ஏலாது. பிழை வருகிற ஒழுங்கு ஒன்று இருக்கும். அது நீ பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் வராது.

உன் சோதனையை வரி வரியாக வாசித்தேன். துறைமுகம் சில துண்டு போடுகிறது. மேற்குக் கரை சில துண்டு போடுகிறது. பிறகு நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: கொஞ்ச நேரம் தூங்கு. அதற்குப் பிறகு "முடிந்தது". பிறகு எல்லாத் துண்டும் எடுபட்டதா என்று ஒரு கேள்வி. எடுபட்டது, பச்சை. அந்தத் தூங்குகிற வரியில் என் கண் குத்தி நின்றது. தூங்கி எழும்புவதற்குள் இரண்டு கரையும் முடித்திருக்கும் என்று உனக்கு யார் சொன்னது? கீர்த்தனனிடம் காட்டினேன். தூங்குகிற நேரத்தைக் கூட்டிவிடுவோமா அக்கா என்றான். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வீடு அமைதியாக இருக்கிறது என்று சொல்வது போல இருக்கிறது, அது அமைதி இல்லை என்றேன். அவன் விரல் மேசையில் நின்றுவிட்டது.

அந்த வரி பிழை. ஆனாலும் இவ்வளவு காலமும் நிஜத்தில் ஏன் பிழை வரவில்லை? அதுதான் என்னை விடவில்லை. இத்தனை மாதம் இரண்டு கரையும் ஒரு நாளும் ஏமாற்றாமல் ஒன்றாக முடித்தனவா? கடலில் அப்படி ஒரு ஒழுங்கு உண்டா?

பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு மயிலிட்டிக்குப் பஸ் ஏறினேன். பிள்ளைக்கு என்னென்ன கொடுக்கக்கூடாது என்று நான் படலை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனதையும், மாமி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிய வேகத்தில் எனக்கு வந்த சந்தேகத்தையும் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அல்பிரட் அண்ணையும் மேற்குக் கரையில் பதிகிற திரவியம் அண்ணையும் சங்கத்துக் கொட்டிலுக்கு வந்திருந்தார்கள். இருவரும் மச்சான்மார் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் தெற்கே பார்த்துக்கொண்டும் மற்றவர் வடக்கே பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அன்று காலை யார் முதலில் முடித்தது என்று கேட்டேன்.

"நான் என்ரை கரைப் படகுகள் வந்த உடனை முடிச்சிட்டன்" என்றார் திரவியம் அண்ணை. "மற்றக் கரையிலை என்ன நடந்ததெண்டு எனக்கு என்னண்டு தெரியும்? அந்த ஆளிட்டைக் கேளுங்கோ."

அந்த ஆள் இரண்டு முழத் தூரத்தில் இருந்தார். "தங்கச்சி, அவரிட்டைச் சொல்லுங்கோ, முந்தியெண்டால் நான் வந்து ஏத்துமட்டும் நிண்டவர்தானே எண்டு."

"நடந்து போக எனக்குக் கால் இருக்கெண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

நான் நடுவில் நின்று அங்கும் இங்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சங்கத்துத் தலைவர் சிரிப்பை அடக்க ஏலாமல் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். இருவருக்கும் ஒரே மோட்டார் சைக்கிள். அல்பிரட் அண்ணையுடையது. காலையில் துறைமுக வேலை முடிந்ததும் அவர் மேற்குக் கரைக்கு வந்து மச்சானை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். அவர் வந்து கோண் அடித்துக் கூப்பிட்ட பிறகுதான் திரவியம் அண்ணை போனில் "முடிந்தது" என்று அமத்துவார். சின்னப் படகுகள் முந்தி வருவதால் அவர் கரைதான் எப்போதும் முதலில் முடியும்; ஆனாலும் அவர் குந்தியிருந்து பீடி பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வருடக்கணக்காக இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். இந்த முறை கோயில் திருநாளில் புனிதரின் சொரூபம் தூக்க முன்தோளுக்கு யார் நிற்பது என்று ஒரு பிரச்சினை வந்தது. திரவியம் அண்ணையைப் பின்னுக்கு அனுப்பிவிட்டார்கள், அல்பிரட் மச்சானுக்காக வாய் திறக்கவில்லையாம். அன்றிலிருந்து பேச்சில்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை. திரவியம் அண்ணை தன் கரை முடிந்த கையோடு அமத்திவிட்டு நடந்து போய்விடுகிறார்.

அப்போது எனக்கு விளங்கியது, ஜெனி. யார் முதலில் "முடிந்தது" போட்டாலும் எடுக்கிறவர்கள் இருவரும் நிறுத்திவிடுவார்கள். நீ அப்படித்தான் எழுதியிருந்தாய். அதில் பிழை வராமல் இருந்தது உன் கெட்டித்தனத்தால் இல்லை. இரண்டு மச்சான்மார் ஒரு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனதால்.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. திரவியம் அண்ணையின் வீடு உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு. முந்திய காலம் என்றால் வீடு வருகிற வழியில் அல்பிரட் அண்ணை, ஜூட் இன்னும் வரவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருப்பார். அது வேலி தாண்டி உன் அம்மாவின் காதில் விழுந்திருக்கும். அன்று அதற்கும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து புதுச் சோதனை எழுதினேன். தூங்குகிற வேலையே இல்லை. வரிசைக்கு முன்னால் ஒரு படலை வைத்தேன். மேற்குக் கரை "முடிந்தது" போட்டு, எடுக்கிறவர்கள் அதை எடுத்து நிறுத்தும் வரைக்கும் துறைமுகத்தின் துண்டைப் படலைக்கு வெளியே மறித்து வைத்தேன். பிறகு திறந்து உள்ளே விட்டேன். எது எதை முந்தும் என்ற அதிர்ஷ்டத்துக்கு இடமே கொடுக்கவில்லை. ஓட்டினேன். சிவப்பு. திரும்ப ஓட்டினேன். சிவப்பு. எத்தனை தரம் ஓட்டினாலும் சிவப்பு. சோதிக்கிறவளுக்கு அதைவிட ஆறுதல் கிடையாது. கை தட்டவேண்டும் போல இருந்தது. பிறகுதான் அது எதற்கான சிவப்பு என்று உறைத்தது. உன் தம்பி ஒரு பகல் முழுக்க இழுபட்ட கடல் அது.

கீர்த்தனன் திருத்தினான். இப்போது இரண்டு கரையும் தனித்தனியாக "முடிந்தது" சொன்னால்தான் எடுக்கிறவர்கள் நிறுத்துவார்கள். ஒரு கரை மறந்துபோய்ச் சொல்லாவிட்டால் நிறுத்தவே மாட்டார்கள், ஓடிக்கொண்டே இருப்பார்கள். கணினி வீணாக ஓடினால் ஓடட்டும். போனில் விழுகிற பச்சைச் சரியும் இனிமேல் துண்டு வரிசைக்கு வந்ததற்கு விழாது, வீட்டுக்குச் செய்தி போனதற்குத்தான் விழும்.

பொறுப்பாளர் சந்தோஷப்பட்டார். பழைய பிழை திருத்தியாயிற்று என்று சங்கத்துக்கு ஒரு வரி சொன்னால் போதும், யார் எழுதினது என்று பேசவேண்டாம், செத்த பிள்ளையின் தாய் தகப்பனுக்கு அது என்னத்துக்கு என்றார். நியாயமான பேச்சுத்தான். அதனால்தான் நான் அதை நம்பவில்லை. உன் அப்பா கந்தோர்தான் கெடுத்தது என்று நினைக்கிறார். பேசாமல் இருந்தால் அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பார். அப்படி நினைக்கிற மனிதர் அந்தச் சாமானில் தன் படகைப் பதியமாட்டார். அவர் பதியாவிட்டால் மற்றவர்களும் பதியமாட்டார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால்? அவரிடம் உன்னில் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதானே, தன் பிள்ளை எழுதியதில் பிழை வராது என்பது. அதையும் நான் போய்ப் பிடுங்குவதா?

போனேன். என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ, போனேன்.

உன் அப்பா முற்றத்தில் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். அம்மா பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்தா. நான் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். வரிசை, துண்டு, மச்சான்மார், மோட்டார் சைக்கிள் எல்லாம். உன் பெயரையும் சொன்னேன். அவர் கையில் இருந்த, நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைக்கவேயில்லை.

"உதைச் சொல்லச் சொல்லிக் கந்தோர் அனுப்பினதோ?" என்றார்.

"இல்லை அப்பா. கந்தோர் சொல்லவேண்டாமெண்டுதான் சொன்னது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னைப் போலவே பார்த்தார், ஜெனி, எங்கே பொய் இருக்கிறது என்று தேடுகிற பார்வை. அம்மாதான் முதலில் கதைத்தா. "அப்ப என்ரை பிள்ளை பிழை விட்டவளோ?"

உன் அப்பா சொன்னார்.

"சின்னனிலையிருந்து உவை ரெண்டு பேரையும் அவள் ஒரு மோட்டச்சைக்கிளிலைதான் கண்டவள். உவை பிரிவினமெண்டு அவள் கனவிலையும் நினைச்சிருக்கமாட்டாள்." பிறகு என்னிடம் கேட்டார், "நீ நினைச்சிருப்பியோ?"

"எனக்கு ஒருத்தரையும் நம்பத் தெரியாது, அப்பா."

"அப்ப நீ உதிலை நில்" என்றார். "அவளின்ரை இடத்திலை நீ நில்."

அவ்வளவுதான். பதிகிறேன் என்றும் சொல்லவில்லை, பதியமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் பஸ்ஸில் வருகிற வழி முழுக்க, அவர் என்னை மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டார், இனிப் பதியவே மாட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் படகைப் பதிந்திருக்கிறார். ஜூட்டை வீட்டில் விட்டுவிட்டுத் தானே போயிருக்கிறார். காலையில் மேற்குக் கரை முடிந்தது, திரவியம் அண்ணை அமத்திவிட்டு நடந்து போனார். உன் அப்பா வரவில்லை. அல்பிரட் அண்ணை நேரம் பார்த்துத் துண்டு போட்டார். உன் அம்மாவின் போனில் செய்தி விழுந்தது. அவ போட்ட சத்தத்தில் திரவியம் அண்ணை வேலி பாய்ந்து வந்து, துறைமுகத்துக்கு ஓடி, மாதக்கணக்காகக் கதைக்காத மச்சானிடம், "எடு மோட்டச்சைக்கிளை" என்று கத்தினாராம். இரண்டு பேரும் ஏறிக் கரையோரமாகப் போய்ப் பார்த்தால், உன் அப்பா கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, படகில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

கரைக்கு வந்ததும் எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, வந்தது" என்றார். அதற்குமேல் அவர் சொல்வதற்குள் உன் அம்மா போனைப் பறித்துவிட்டா. "இந்த மனிசனுக்குச் சோதிச்சுப் பாக்க என்ரை நெஞ்சுதானோ கிடைச்சது? கேளடி, கேள்" என்று என்னை ஏசினா. பின்னால் ஜூட் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏமி வந்து என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, விரலை வாயில் வைத்து ருசி பார்த்தாள்.

இப்போது எல்லாப் படகும் பதிகிறது. மச்சான்மார் மறுபடி கதைக்கிறார்கள் என்கிறார்கள். கதைக்கட்டும், நல்லது. ஆனால் நான் அதை நம்பி ஒன்றும் வைக்கவில்லை. அவர்கள் கதைக்காத நாளுக்கும், ஒருவர் சுகமில்லாமல் வராத நாளுக்கும், மின்சாரம் போகிற நாளுக்கும் ஒவ்வொரு சோதனை எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் பச்சையாக இருக்கிறது. நான் இன்னும் நம்பவில்லை.

அந்த வேலையின் தலைப்பில் எழுதியவள் என்று உன் பெயர் இருக்கிறது. பொறுப்பாளர் எடுத்துவிடச் சொன்னார், நான் எடுக்கவில்லை. அதற்குக் கீழே, சோதிப்பவள் என்று என் பெயரைப் போட்டேன். இனி யாராவது சந்தேகப்படுவதென்றால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சந்தேகப்படவேண்டும்.

நீ ஆட்களை நம்பி எழுதினாய், ஜெனி. அதில் எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் பொறாமைதான். உன் அப்பா சொன்ன இடத்தில் நான் நிற்கிறேன். நீ நம்பின ஒவ்வொரு இடத்திலும் உனக்காக நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பேன். உன் தம்பி படகு ஏறுகிற காலம் வரைக்கும், அவனுக்குப் பிறகு ஏறுகிறவர்களுக்கும். இது என் வாக்கு. என் வாக்கை மட்டும் நீ சந்தேகப்படாதே.

உன்ரை ஞானப்பிள்ளை ஏமியின் அம்மா,
ஷாமினி
சுன்னாகம்